வாய் உடைந்த மெஷினின் சலாம்

மனித குலம் இனிமேல் இரண்டாகத்தான் பிரியும்: மெஷினுக்குப் பதில் சொல்கிறவர்கள், மெஷினைப் பதில் சொல்ல வைக்கிறவர்கள். இரண்டாவது பிரிவில் தர்மபுரி மாவட்டத்திலிருந்து இதுவரை தேறியிருப்பது ஒரே ஒரு ஆள், அந்த ஆள் தான்தான் என்று தாவூது அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடி அறிவித்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. ஐந்தாண்டுத் திட்டத்தை வாசிக்கிற ரேடியோக்காரருக்கு முகம் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

"மத்த ஜனமெல்லாம் என்னடா பண்றது?" என்று தீர்த்தகிரி கேட்டான். சித்தேரி மலைக்காரன். சேலத்துக் காலேஜில் தாவூதோடு ஒரே வகுப்பு, ஹாஸ்டலில் ஒரே ரூம்.

"முதல் பிரிவுல இடம் காலியா இருக்கு. எங்கம்மாவும் அண்ணியும் ஏற்கெனவே மெம்பர். அவங்ககூடப் போய் உட்கார்ந்துக்கட்டும்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த தீர்த்தகிரியின் கை நின்றது. "அவங்கள எதுக்குடா இதுல இழுக்கிற?"

"ஆராய்ச்சின்னு வந்துட்டா சொந்தபந்தம் பார்க்கக் கூடாது."

ஆராய்ச்சிப் பொருள் அவன் காலடியில் இருந்தது. ஜமுக்காளத்தில் சுற்றி, சணலால் கட்டி, அவன் அம்மா ரஹமத் பீவி பிஸ்மி சொல்லி முடிச்சுப் போட்டுக் கொடுத்த ஒரு லேப்டாப் கம்ப்யூட்டர். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெயர்; வைத்தால் கால் மரத்துப்போகும். அந்த 1989 பொங்கல் சமயத்தில் அரூரில் இப்படியொரு சாமான் இருப்பது இன்னொரு வீட்டுக்குத் தெரிந்திருந்தால், அது எந்த வகை டேப் ரிக்கார்டர் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

மெஷின் தாவூதுடையது இல்லை. அண்ணன் அப்துல் சுபானுடையது.

சுபான் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் ஆபீசில் இருந்தான். திரையின் ஒரு மூலை செத்துப்போனதால் கம்பெனி கழித்துப் போட்ட மெஷினைச் சல்லிசாக வாங்கி, லீவில் ஊருக்கு வந்த கூட்டாளி பக்ருதீனிடம் கொடுத்துவிட்டான். பக்ருதீன் அதைப் பாலைவனம், விமானம், பம்பாய் எல்லாம் தாண்டிக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தான். பொம்மிடி ஸ்டேஷனில் அவன் வந்த ரயில்பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே நின்றது. முதலில் அவன் ஜல்லியில் இறங்கினான். அடுத்தது மெஷின் இறங்கியது, அவன் கையை விட்டு. பிளாப்பி போடுகிற வாய் நசுங்கி, முன்பல் விழுந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது.

"சாயங்காலம் மக்ரிப் தொழுதுட்டு ஸ்விட்சைப் போடச் சொன்னாருங்க," என்றான் பக்ருதீன், சுபானின் மனைவி ஷகிலாவின் முகத்தைப் பார்க்காமல். "வேற எதையும் தொடக்கூடாதாம். தானா பேசுமாம்."

அன்று சாயங்காலம் ஷகிலா ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே எதுவோ கடகடவென்று ஓடிற்று. பீப் என்று ஒரு சத்தம். கறுத்த திரையில் ஆரஞ்சு நிறத்தில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. பத்தாவது வரை படித்த ஷகிலா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஷகிலா."

பிறகு ஒன்றும் வரவில்லை. சின்னக் கட்டம் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. மறுபடி ஒரு பீப்.

"சாப்பிட்டியா?"

மறுபடி நின்றது. மறுபடி பீப்.

"அம்மா காலுக்குத் தைலம் தேய்ச்சியா?"

ஷகிலா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரஹமத் பீவிக்குப் படிக்கத் தெரியாது. முதல் பீப்பு என்றால் சலாம் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து, முன்னறையில் சாமை அளந்துகொண்டிருந்தாலும் புளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாலும், அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே நிறுத்திவிட்டு முழுசாகப் பதில் சொன்னாள்: "வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு."

"யாருக்கும்மா பதில் சொல்றீங்க?" என்றான் தாவூது.

"சலாம் சொன்னா பதில் சொல்லணும். அது கடமை."

"சொன்னது மெஷின்."

"சொல்ல வச்சது என் புள்ள."

"அப்ப நாளைக்கு மிக்ஸி சத்தம் போட்டா?"

"மிக்ஸி என்ன சலாமா சொல்லுது? அது உன்னாட்டம் சும்மா கத்துது."

ஹாஸ்டல் சுவர்ப் பத்திரிகையில் 'இயந்திரத்துக்கு மரியாதை செய்வது எப்படி' என்று தாவூது ஒரு கட்டுரை எழுதினான். கிரைண்டருக்கு வணக்கம், பம்புசெட்டுக்கு நமஸ்காரம், ரோடு ரோலர் எதிரே வந்தால் எழுந்து நின்று குடையை மடக்குதல் என்று வரிசையாக விதிகள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

சுபான் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொன்று எழுதி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை வந்தால் மெஷின் கேட்கும்: "தாவூது பள்ளிக்குப் போனானா, சினிமாவுக்குப் போனானா?" ஊரில் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் தொழுகை நேரத்தில் தாவூது எங்கே போனான் என்பது ஷகிலாவுக்கு நன்றாகத் தெரியும். மாமியார் காதில் விழுகிற மாதிரி மெஷினைப் பார்த்துச் சொல்வாள்: "பள்ளிக்குத்தாங்க போனாரு."

முந்தின வருஷம் ரம்ஜான் முடிந்து கொஞ்ச நாளில் தம்மாமிலிருந்து தந்தி வந்தது. ஸ்டோரில் அடுக்கியிருந்த இரும்புக் குழாய்கள் சரிந்துவிட்டன. சுபான் கீழே நின்றிருந்தான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மய்யித்து வரவில்லை. போய் நின்று துஆ செய்ய ஊரில் ஒரு மண்மேடு கூட இல்லை. பக்ருதீன் கொண்டுவந்த ஒரு கைக்கடிகாரமும் நாலு சட்டையும்தான் வந்தன.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன சாயங்காலம், யாரும் சொல்லாமல், ஷகிலா போய் ஸ்விட்சைப் போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஷகிலா."

"சாப்பிட்டியா?"

அந்த வீட்டில் உண்மையான அழுகை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. தாவூது மட்டும் அழவில்லை. பின்பக்கம் போய், ஒரு காரணமும் இல்லாமல், கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தித் தொட்டியை நிரப்பினான். நிரம்பி வழிந்த பிறகும் சேந்தினான்.

ஷகிலா கணவன் இறந்ததற்கு இத்தா இருந்த மாதங்களில் வெளியே போகவில்லை. சாயங்காலமானால் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பக்ரீத் அன்று அது கேட்டது: "புதுச்சேலை கட்டினியா? என்ன கலரு?" ஷகிலா தான் கட்டியிருந்த பழைய வெள்ளைச் சேலையைக் குனிந்து பார்த்தாள். "பச்சைங்க," என்றாள்.

இவ்வளவும் அந்த மெஷினுக்குள் இருந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. பிளாப்பி வாய் உடைந்திருந்ததால் வெளியே ஒரு நகல் எடுத்து வைக்க வழியில்லை. அண்ணன் எழுதியதை ஒரே தட்டலில் முழுக்கத் திரையில் ஓடவிட்டுப் பார்க்கத் தாவூதுக்குத் தெரியும். ஷகிலா விடவில்லை.

"வர்ற அன்னைக்கு வரட்டும் தம்பி. மொத்தமாப் படிச்சிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

இந்த மெஷினைத்தான் தாவூது சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறான்.

காரணம், வகுப்பில் ஒரு சார் சிரித்துவிட்டார். ஒரு கம்ப்யூட்டரில் புதிய சிஸ்டம் ஏற்றுவது என்றால், அந்த சிஸ்டம் பிளாப்பிகளில் வரும். பிளாப்பியை வாயில் போட்டு மெஷினை எழுப்ப வேண்டும். காலேஜுக்கு அப்போதுதான் யூனிக்ஸ் மாதிரியான ஒரு சிஸ்டம் வந்திருந்தது. அதைத் தன் மெஷினில் ஏற்றப்போவதாகத் தாவூது சொன்னான்.

"வாயே இல்லாத மெஷினுக்கு எப்படிய்யா ஊட்டுவே?" என்றார் சார்.

"மூக்கு வழியா சார்," என்றான் தாவூது.

வகுப்பு சிரித்தது. ஆனால் அது நிஜமாகவே வழிதான். மெஷினின் முதுகில் கேபிள் செருகுகிற துளை ஒன்று இருந்தது. காலேஜ் மெஷினிலிருந்து கேபிளில் புதிய சிஸ்டத்தைத் துளித்துளியாக அனுப்ப வேண்டும். இந்தப் பக்கம், வாங்கிக்கொள்கிற புரோகிராமைத் தாவூதே கையால் தட்டி எழுத வேண்டும். பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கையாலேயே புதியதை டிஸ்க்கில் எழுத வைக்க வேண்டும். குடியிருந்துகொண்டே வீட்டைக் கட்டுகிற வேலை.

டிஸ்க்கைக் கம்பெனிக்காரர்கள் முன்பே இரண்டாகப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். முதல் பாதியில் அண்ணன். இரண்டாவது பாதி காலி.

"அண்ணன் முதல் ரூம்ல இருக்காரு அண்ணி," என்று முந்தின நாள் ஷகிலாவிடம் விளக்கினான். "நான் ரெண்டாவது ரூம்ல போய்ப் படுத்துக்கிறேன். அவர் கதவைக்கூடத் தட்ட மாட்டேன்."

ஷகிலா நேரமெடுத்துக்கொண்டுதான் பேசினாள்.

"பிப்ரவரி பதினொண்ணு எங்க கல்யாண நாளுங்க. அன்னைக்கு ஏதாவது எழுதாம இருந்திருக்க மாட்டாங்க."

"அதுக்குள்ள கொண்டாந்துடறேன்."

"என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்களும் பார்க்கக் கூடாது."

"அல்லா மேல ஆணையா பார்க்க மாட்டேன்."

"சாயங்காலம் என்ன பண்றதுன்னு தெரியாது. ஒரு ரெண்டு வாரம்தானே. இருந்துக்கிறேன்."

முன்னறையில் ரஹமத் பீவி ஒரு மலைக்காரருக்குச் சாமை அளந்துகொண்டிருந்தாள். "லாபம்... ரெண்டு... மூணு..." முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது. அது வியாபார வீட்டு வழக்கம். எண்ணிக்கை லாபத்தில் தொடங்க வேண்டும்.

"ஏம்மா, ஒண்ணுன்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"உங்க காலேஜுல எப்படி எண்ணுவாங்களாம்?"

"பூஜ்யத்துல ஆரம்பிப்போம். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு."

ரஹமத் பீவி படியைக் கவிழ்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அளக்கிறதுக்கு முன்னாடியே பூஜ்யமா? வெளங்கிடும்டா வியாபாரம்."

லேபுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. குளிர்சாதனம் மெஷின்களுக்காக, மாணவர்கள் ஓசியில் நடுங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை மத்தியானம் சார் சாவியைத் தீர்த்தகிரியிடம் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கத் தானும் உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

கேபிளைச் செருகுவதற்கு முன்னால் தீர்த்தகிரி தாவூதை ஓரமாக இழுத்தான்.

"டேய், கேபிள் ரெண்டு பக்கமும் போகும். முதல்ல உங்க அண்ணன் எழுதினத இந்தப் பக்கம் அனுப்பு. பிரிச்சுப் பார்க்க வேணாம், அப்படியே ஒரு பிளாப்பியில போட்டு வச்சுக்கலாம். அப்புறம் ஆரம்பி."

அது நல்ல யோசனை. அந்த மத்தியானத்தில் அங்கே சொல்லப்பட்டதிலேயே நல்ல யோசனை. தாவூது சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தான். சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தான். பயந்தவன் மாதிரி தெரியக் கூடாது என்று தோன்றியது.

"எங்கண்ணனை ஒரு பிளாப்பியில வச்சு இன்னொரு தடவை அடக்கம் பண்ணச் சொல்றியா?" என்றான், குரல் மாறாமல்.

தீர்த்தகிரி போய்க் கேபிளைச் செருகினான்.

வேலை நன்றாகவே நடந்தது. தாவூது தட்டியதில் ஒரு பிழை இல்லை. கேபிள் வழியாகச் சிஸ்டம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து இறங்கியது. நடுவில் கரண்டு போகவில்லை. சேலத்தில் அதுவே ஒரு அதிசயம். கடைசியாக, வந்து சேர்ந்ததை டிஸ்க்கில் பதிக்கிற புரோகிராம் கேட்டது: எந்தப் பாதியில்?

தாவூது 1 என்று தட்டினான்.

"ரெண்டாவது பாதிதானே?" என்றான் தீர்த்தகிரி.

"பூஜ்யம் அண்ணன். ஒண்ணு நான். நம்ம சாதியில எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்கும், மறந்துட்டியா?"

அன்று வரை அவன் தொட்ட புரோகிராம் எல்லாம் பூஜ்யத்தில்தான் எண்ணின. இதை எழுதிய ஆள், கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற எவனோ ஒருத்தன், ரஹமத் பீவி கட்சி. அவனுக்கு முதல் படி பூஜ்யம் இல்லை. அவனுக்கு ஒன்று என்றால் முதல் பாதி.

டிஸ்க் வெகுநேரம் கடகடத்தது. மெஷினை அணைத்துப் போட்டார்கள். பீப் சத்தம் இல்லை. கறுப்புத் திரையில் ஆரஞ்சு வரிகள் மளமளவென்று ஏறின. கடைசியில் ஒரு குறி வந்து நின்றது: குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு, பக்கத்தில் அணைந்து எரிகிற கட்டம். புதிய சிஸ்டம் கண் விழித்துவிட்டது.

லேபில் விசில் பறந்தது. சார் எழுந்துவந்து தாவூதின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூக்கு வழியாவே ஊட்டிட்டியேய்யா!" என்றார். அவருக்கு நிஜமான சந்தோஷம்.

தாவூது இடது கையைச் சாருக்குக் கொடுத்திருந்தான். வலது கையால் ஒரு கட்டளை தட்டினான்: இரண்டு பாதியிலும் என்ன இருக்கிறது என்று காட்டு. மெஷின் காட்டியது. முதல் பாதி, புதிய சிஸ்டம். இரண்டாவது பாதி, காலி.

இன்னொரு முறை தட்டினான். மெஷின் அதையே சொன்னது. அவன்தான் மெஷினைப் பதில் சொல்ல வைக்கிற ஆளாயிற்றே, சொல்லிவிட்டது.

சார் இன்னும் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி திரையைப் பார்த்தான், தாவூதைப் பார்த்தான், பிறகு சுவரோரம் நின்றவர்களிடம் போய், "போதும், கெளம்புங்கடா, லேபைப் பூட்டணும்," என்று ஒவ்வொருவனாகத் தள்ளி வெளியே அனுப்பினான்.

என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன் என்று ஷகிலாவிடம் கொடுத்த வாக்கைத் தாவூது காப்பாற்றிவிட்டான். இனி யாராலும் பார்க்க முடியாது.

அடுத்து வந்த நாட்களில் அவன் சாப்பாட்டு ஹாலுக்குச் சரியாகப் போகவில்லை. ரூமில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நினைவில் இருந்ததையெல்லாம் புதிய சிஸ்டத்தில் திரும்ப எழுதினான். சலாம். சாப்பிட்டியா. தைலம். வெள்ளிக்கிழமைக்கு அவனைப் பற்றிய கேள்வி. கேபிள் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, நாலு வரி. அதே ஆரஞ்சு, அதே எழுத்து, அதே பீப்.

"வூட்ல சொல்லிடுடா," என்றான் தீர்த்தகிரி.

"எதை? எழுத்து எழுத்துதான். யார் தட்டினாலும் 'எஸ்'னா 'எஸ்'தான். மெஷினுக்கு யார் விரல்னு தெரியாது."

"மெஷினுக்குத் தெரியாது. சரி."

தீர்த்தகிரி இன்னும் பேசியிருக்கலாம் என்று தாவூதுக்கு அப்புறம் தோன்றியது.

பிப்ரவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. மஞ்சவாடிக் கணவாயில் பஸ் ஊர்ந்து ஏறி இறங்கி, அரூர் வந்து சேர மக்ரிப் நெருங்கிவிட்டது. ஷகிலா மேஜையை முன்னமே துடைத்து வைத்திருந்தாள். மேலே ஒரு துணி விரித்திருந்தாள். சணலை அவளே அவிழ்த்தாள்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது அண்ணி. சார் கை குடுத்தாரு."

"அவங்க?"

"இருக்காரு," என்றான் தாவூது.

தொழுதுவிட்டு வந்து ஷகிலா ஸ்விட்சைப் போட்டாள். டிஸ்க் கடகடத்தது. ஆரஞ்சு வரிகள் மளமளவென்று ஏறுவதை அவள் பார்க்காதபடி தாவூது திரையை முன்னமே காலியாக்கி வைத்திருந்தான். முன்னறையில் ரஹமத் பீவி புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

பீப்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஷகிலா."

ரஹமத் பீவியின் குரல் வந்தது: "வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்து..."

பீப். "சாப்பிட்டியா?"

பீப். "அம்மா காலுக்குத் தைலம் தேய்ச்சியா?"

பீப். "தாவூது பள்ளிக்குப் போனானா, சினிமாவுக்குப் போனானா?"

முன்னறையில் கூடை கீழே வைக்கிற சத்தம். "என்னடா இது, நான் வாயை மூடறதுக்குள்ள அவன் பாட்டுக்கு அடுத்ததுக்கு ஓடறான்? என் புள்ள இப்படி அவசரப்பட மாட்டானே!"

தாவூதுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்துகளை எல்லாம் எழுதினான். எழுத்துக்கு நடுவே இருந்ததை எழுதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அண்ணன் மெஷினை நிறுத்திக் காத்திருக்க வைத்திருந்தான். அது பழைய மெஷின், மெதுவாகத்தான் ஓடும் என்று தாவூது இத்தனை நாளும் நினைத்திருந்தான். பதில் சொல்வதைக் கேலி செய்தவனுக்குப் பதில் சொல்ல இடம் விட வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

ஷகிலா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தாவூதின் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன பார்த்தாளோ, அவள் கை மட்டும் போய் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவியது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் ரஹமத் பீவி உள்ளே எட்டிப் பார்த்து.

"கரண்டு ஏத்த எறக்கமா இருக்குங்க மாமி," என்றாள் ஷகிலா. "அதான் வேகமா ஓடுது. தம்பி சரி பண்ணிடுவாரு."

வெள்ளிக்கிழமைகளில் மெஷினிடம் அவனுக்காகச் சொன்ன அதே குரல்.

ரஹமத் பீவி புளிக்கூடைக்குத் திரும்பிப் போனாள்.

"அண்ணி, ஒரு நம்பர்..." என்று ஆரம்பித்தான் தாவூது. "தீர்த்தகிரி சொன்னான், நகல் எடுத்துக்கோன்னு. நான்தான்..."

"எல்லாமே போயிடுச்சுங்களா?"

"எல்லாமே."

"பதினொண்ணாம் தேதி?"

ஷகிலா தலையை ஆட்டினாள், அவன் ஏதோ சொல்லி அது தனக்குப் புரிந்துவிட்ட மாதிரி.

"கல்யாணமான புதுசுல," என்றாள், "அவங்க ஒண்ணு கேட்டா நான் உடனே சொல்ல மாட்டேன். வெக்கமா இருக்கும். கேட்டுட்டு அப்படியே இருப்பாங்க. நான் சொல்ற வரைக்கும் அடுத்த பேச்சு கிடையாது. இதுலயும் அப்படித்தான் விட்டிருந்தாங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க விடலைங்க தம்பி."

"மறுபடி எழுதிடறேன் அண்ணி. எல்லாத்தையும்..."

"மாமிக்கு எழுதுங்க. பாவம், அவங்களுக்குச் சத்தம் கேட்டாப் போதும்." எழுந்தாள். வாசல்படியில் நின்றாள். "பதினொண்ணாம் தேதிக்கு மட்டும் ஒண்ணும் எழுதாதீங்க. அன்னைக்கு அது சும்மா இருக்கட்டும்."

அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தாவூது மெஷின் முன்னால் உட்கார்ந்தான். காத்திரு என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. எவ்வளவு நேரம் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். அந்த எண்தான் தெரியவில்லை. அம்மாவின் பதில் எவ்வளவு நீளம்? இத்தனை மாதம் கேட்டிருக்கிறான், ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை.

ஒரு எண்ணைத் தட்டி ஓடவிட்டான். பீப். சலாம் வந்தது. வழக்கமாகப் பள்ளிவாசல் வாசலில் யாருக்கோ சொல்வதுபோல் பாதியை விழுங்கி, "வலைக்கும் சலாம்," என்று முணுமுணுத்தான். அளவுக்காகத்தான். இது அம்மாவின் பதில் இல்லை. எண்ணைக் கூட்டினான்.

பீப். இந்த முறை வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, அம்மா சொல்வதுபோலவே சொன்னான். "வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்..." அடுத்த வரி குறுக்கே வந்துவிட்டது. மறுபடி கூட்டினான். எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, பதிலையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பீப்.

"வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு."

பதில் முடிந்தது. முடிந்த பிறகும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. ஆரஞ்சுக் கட்டம் அணைந்தது, எரிந்தது, அணைந்தது. கணக்குப்படி பார்த்தால் எண்ணை ஒன்று குறைக்க வேண்டும். அவன் குறைக்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

பீப்.

"சாப்பிட்டியா?"

அவனே தட்டிய வரிதான். பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷின் காத்திருந்தது.

"இன்னும் இல்லண்ணே," என்றான் தாவூது.